வாக்குத்தத்தங்கள், பயம், பாதுகாப்பு: ஆஸ்பத்திரி வராண்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையிலிருந்து ஐந்தாறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். விருப்பப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். ஆனால் கிளம்பும்போது யாராவது ஒருவர் வராண்டா வரை கூடவே வந்து, "அக்கா, ஒண்ணு கேட்கலாமா" என்று மெதுவாகக் கேட்பார். பல வருஷமாக அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் போதகர் இல்லை. வேதத்தைத் தினமும் வாசிக்கிற, சொந்த வீட்டில் சாவைப் பார்த்த ஒரு விசுவாசி. வசனங்கள் பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து, அதாவது ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-ல் வெளிவந்த பதிப்பிலிருந்து.

வாக்குத்தத்தம்னா என்ன அக்கா? ஆறுதல் வசனத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கா?

தத்தம் என்றால் கொடுத்துவிடுவது. ஒரு பொருளை இனி என்னுடையது இல்லை என்று முழுதாகக் கொடுத்துவிடுவதைத் தத்தம் பண்ணுவது என்பார்கள். வாக்கையே அப்படிக் கொடுத்துவிடுவது வாக்குத்தத்தம். சொன்னவர் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறார்.

இதை ஆதியாகமம் 15-ல் கண்ணால் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் மிருகங்களை இரண்டாக வெட்டி எதிரெதிரே வைத்து நடுவே நடந்து போவார்கள், வாக்கு மீறினால் எனக்கும் இதே கதி என்று அர்த்தம் (எரேமியா 34:18-லும் இந்த வழக்கம் வரும்). ஆபிராம் மிருகங்களை வெட்டி வைத்துவிட்டு அயர்ந்து தூங்கிப்போகிறான். புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையுமாகக் கடவுள் மட்டும் நடுவே கடந்து போகிறார், ஆபிராமை நடக்கச் சொல்லவே இல்லை. எனக்கு ஜெபிக்கக்கூடத் தெம்பு இல்லாத நாட்களில் இந்த இடத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆறுதல் வசனம் என்று நாம் சொல்வதில் எல்லாமே வாக்குத்தத்தம் கிடையாது. சிலது ஒருவருடைய சாட்சி, சிலது ஜெபம், சிலது புலம்பல். இந்த வித்தியாசம் பின்னால் வரும் கேள்விகளுக்குத் தேவைப்படும், அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பயமா இருக்கு, தூக்கம் வரலை. எதிலிருந்து வாசிக்க ஆரம்பிக்கணும்?

சங்கீதம் 23, 91, 121. அப்புறம் ஏசாயா 41 மற்றும் 43, யோவான் 14, ரோமர் 8. தூங்கப் போகும்போது சங்கீதம் 4-இன் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பலருக்கு நான் 121-ஐத்தான் வாசிப்பேன், ஏனென்றால் அதில் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்று வருகிறது. மயக்க மருந்தில் நான் தூங்கும் நேரத்திலும் ஒருவர் விழித்திருக்கிறார்.

ஒரே ஒரு வசனத்தைப் பிய்த்து எடுக்காமல் அதிகாரத்தை முழுதாக, வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். 23-ஆம் சங்கீதத்தைக் கவனித்துப் பாருங்கள். புல்லுள்ள இடம், அமர்ந்த தண்ணீர் என்று நன்றாக இருக்கும்போதெல்லாம் தாவீது கடவுளை "அவர்" என்கிறான். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேரே அவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறான். இருட்டில் அவர் கிட்டே வந்துவிட்டார்.

நாங்க கத்தோலிக்கர். எங்க புத்தகத்துல வார்த்தைகளே வேற மாதிரி இருக்கே?

வேதம் ஒன்றுதான், மொழிபெயர்ப்பு வேறு. நாங்கள் கர்த்தர் என்பதை நீங்கள் ஆண்டவர் என்பீர்கள், சங்கீதம் உங்களுக்குத் திருப்பாடல், வாக்குத்தத்தம் வாக்குறுதி. லத்தீன் மரபைப் பின்பற்றிய பழைய புத்தகங்களில் எங்கள் 91 உங்களுக்கு 90 என்று இருக்கும், இப்போதைய திருவிவிலியத்தில் எண் ஒத்துப்போகிறது. எது உங்கள் நாவுக்குப் பழக்கமோ அதிலேயே வாசியுங்கள். கஷ்டத்தில் இருக்கும்போது புது மொழிநடை மனதில் இறங்காது.

91-ம் சங்கீதத்துல செட்டை, பரிசைன்னு வருதே, அதெல்லாம் என்ன? என் பையன் கேட்டான், சொல்லத் தெரியலை.

செட்டை என்றால் சிறகு. பரிசை ஒரு வகைக் கேடயம். "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார், அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்" என்று நாலாம் வசனம். பையனுக்கு விளக்க வேண்டுமானால் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். பருந்து நிழல் தரையில் விழுந்தால் போதும், தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் எல்லாம் ஓடி வந்து சிறகுக்குள் நுழைந்துவிடும். அப்புறம் பார்த்தால் குஞ்சு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது, கோழி மட்டும் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பருந்து அடித்தால் முதல் அடி கோழியின் முதுகில்தான்.

இயேசு எருசலேமைப் பார்த்து இதே கோழியைத்தான் சொன்னார் (மத்தேயு 23:37), கோழி குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்வதுபோல எத்தனையோ தரம் உங்களைச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன் என்று. சில நாள் கழித்து அந்த ஊருக்கு வெளியே சிலுவையில் அடிக்கப்பட்டார். அந்த அடியை வாங்கிக்கொண்டது யார் என்று யோசித்துக்கொண்டு 91-ஐ வாசித்தால் வேறு மாதிரி கேட்கும்.

புது வருஷ ஆராதனையில நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை, கடவுள் எனக்குன்னே கொடுத்ததா?

வெளி மாநிலத்தில் இருப்பவர்கள்கூட டிசம்பர் 31 ராத்திரிக்கு ஊருக்கு வந்து, பன்னிரண்டு மணிக்கு முழங்காலில் நின்று, அப்புறம் தட்டிலிருந்து ஒரு அட்டை எடுப்பது நம் சபைகளில் பலருக்கு உயிர். நானும் எடுக்கிறேன், வேதத்துக்குள் வைத்து வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அட்டை அச்சகத்தில் கத்தரிக்கப்பட்ட துண்டு, வசனம் அதற்கு முன்னும் பின்னும் நீளுகிறது. ஜனவரி 1 மத்தியானம் சாப்பிட்ட பிறகு அந்த அதிகாரத்தை எடுத்து முழுதாக வாசித்துவிடுங்கள். யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது என்று தெரிந்துகொண்டால் அதே வசனம் இன்னும் கனமாகும்.

குலுக்கல் பரிசு மாதிரி எடுக்கக்கூடாது என்பதுதான் என் வருத்தம். நல்ல வசனம் வரவில்லை என்று ஒரு அம்மா அட்டையைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்ததைப் பார்த்தேன், அந்த முகத்தில் இருந்த பயம் இன்னும் மறக்கவில்லை. அட்டையில் வந்தாலும் வராவிட்டாலும் வேதத்தில் இருக்கிற வாக்கு எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது.

எரேமியா 29:11 இஸ்ரவேலருக்குச் சொன்னது, உனக்கில்லைன்னு ஒருத்தர் சொல்லிட்டார். அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா?

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம். அவர் சொன்னதில் பாதி சரி. அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அப்போது அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியா சொன்னது எழுபது வருஷம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். கடிதம் வாங்கிய பெரியவர்களில் பலர் திரும்பி வராமலேயே பாபிலோனில் கண்மூடியிருப்பார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் கடவுள் சமாதானத்துக்கேதுவான நினைவு என்றார்.

ஆதி சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல், 2 கொரிந்தியர் 1:20-ல் தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறது என்கிறான். அதனால் அந்தக் கடிதத்தைத் தந்த கடவுளின் மனசு உங்களுக்கும் உரியது. மூன்று மாதத்தில் விசா வரும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. விசா வராத வருஷத்திலும் அவர் என்னைப் பற்றி நல்லதே நினைக்கிறார் என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாசல்ல 91-ம் சங்கீதம் ஒட்டிருக்கேன், தலகாணிக்கடியில பைபிள் வச்சிருக்கேன். ஒண்ணும் அணுகாதுல்ல?

ஒட்டுங்கள், வையுங்கள், கண்ணில் படும்போதெல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் காகிதத்துக்குள் காவல் இல்லை. 1 சாமுவேல் 4-இல் இஸ்ரவேலர் யுத்தத்தில் தோற்றதும், கடவுளின் பிரசன்னத்துக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தால் ஜெயித்துவிடலாம் என்று பாளயத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு முப்பதினாயிரம் காலாட்கள் செத்தார்கள், பெட்டியும் எதிரி கைக்குப் போய்விட்டது. பெட்டிக்குரியவரை அவர்கள் கேட்கவே இல்லை.

இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் வந்ததில்லை. சவக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒன்றில், பேயை விரட்டும் பாட்டுகளோடு சேர்த்து 91-ஆம் சங்கீதத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், சுமார் 2000 வருஷத்துக்கு முந்தையது. பயந்த மனுஷர் எந்தக் காலத்திலும் இந்தச் சங்கீதத்தைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அதைக் கேட்டபோது நெஞ்சு இளகிவிட்டது. ஆனால் சங்கீதமே காரணம் சொல்கிறதே, பதினாலாம் வசனத்தில்: "அவன் என்னிடத்தில் வாஞ்சையாயிருக்கிறபடியால் அவனை விடுவிப்பேன்." வாஞ்சையைத்தான் அவர் பார்க்கிறார்.

விசுவாசம் இருந்தா மாத்திரையை நிறுத்திடலாம்னு ஜெபக்கூட்டத்துல சொன்னாங்க. நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் நிறுத்தக்கூடாது. சர்க்கரை மாத்திரையை இப்படி நிறுத்திவிட்டு மயக்கமாக வந்து சேர்ந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, உன் பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்றான் பிசாசு. அவன் காட்டியது இதே 91-ஆம் சங்கீதத்தைத்தான் (மத்தேயு 4:6). இயேசு குதிக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே என்றார். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டு கர்த்தர் காப்பார் என்பது உப்பரிகையிலிருந்து குதிப்பதுதான்.

அப்போஸ்தலர் 27-ஐயும் வாசியுங்கள். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் பவுலிடம் சொல்லியாகிவிட்டது. அப்படியும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது பவுல், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னான். பதினாலு நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடவும் வைத்தான். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆயுசு என்று வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அவன் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டச் சொன்னான். லூக்காவே வைத்தியர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பயப்படாதே"ன்னு பைபிள்ல 365 தடவை இருக்காமே?

இல்லை. வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றுகிறது, எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. பல முறை வருகிறது, அது போதும். ஏசாயா 41:10 ஒன்றையே 365 நாளும் வாசிக்கலாம்.

வாக்குத்தத்தத்தைப் பிடிச்சு ஜெபிச்சோம், ஆனா அம்மா இறந்துட்டாங்க. அப்போ வசனம் பொய்யா?

இந்தக் கேள்வி என்னுடையதும்தான். எங்கள் அம்மா ஐசியூவில் பதினோரு நாள் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள், சங்கீதம் 118:17, "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." நாங்களும் அதையே சொல்லிச் சொல்லி ஜெபித்தோம், தம்பி அதை எழுதி ஐசியூ கதவுக்கு வெளியே பையில் வைத்திருந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா போய்விட்டார்கள். அப்புறம் ஒன்றரை வருஷம் அந்தச் சங்கீதத்தை நான் திறக்கவே இல்லை.

திறந்தபோது முதல் கேள்வியில் சொன்ன வித்தியாசம் புரிந்தது. அது ஆபத்திலிருந்து வெளியே வந்துவிட்ட ஒருவன் ஆலயத்தில் நின்று சொல்லும் சாட்சி. ஐசியூவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கடவுள் எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை அது. அவர் கொடுக்காத வாக்கை அவர் வாயில் நாங்களே வைத்துவிட்டு, அவர் மீறிவிட்டார் என்று அழுதோம். சரி, அவர் கொடுத்த வாக்கு எது? 91-ஆம் சங்கீதத்துக்கு மறுபடி வாருங்கள். பொல்லாப்பு நேரிடாது, வாதை அணுகாது என்று பத்தாம் வசனம் வரை ஓடிவிட்டு, பதினைந்தில் கடவுளே பேசுகிறார்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏசாயா 43:2-உம் அப்படித்தான், தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்கிறார். தண்ணீருக்குள் இறங்க வேண்டியே இராது என்று அவர் சொல்லவில்லை. இறங்கினால் தனியாக இறங்க மாட்டாய்.

அம்மா கிறிஸ்துவுக்குள் கண்மூடினார்கள். மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8-இன் முடிவில் வருகிற பட்டியலில் முதலில் நிற்பதே மரணம்தான். இது நிஜமாகவே வாக்குத்தத்தம், அதை அவர் மீறவில்லை. எனக்கு இன்னமும் அம்மா வேண்டும், அது வேறு விஷயம்.

பக்கத்து பெட்ல இருந்தவர் பிழைச்சிட்டார், எங்க அப்பா போயிட்டார். அவங்க ஜெபம் மட்டும் கேட்டுச்சா?

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டான், தூதன் வந்து சங்கிலியை அவிழ்த்து வெளியே கொண்டுவந்து விட்டான். யாக்கோபும் பேதுருவும் இயேசு கூடவே இருந்த அதே மூவரில் இருவர். யாக்கோபை ஏன் விடுவிக்கவில்லை என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை. யாக்கோபின் அம்மா அந்த வாரம் பேதுரு வந்துவிட்டான் என்ற சந்தோஷச் செய்தியைக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

லூக்கா 21-இல் இயேசு ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார்: உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள், ஆனாலும் உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது. கொல்லப்படுகிறவனின் மயிர்கூட அழியாது என்றால், அவர் பேசும் பாதுகாப்பு சாவுக்கு அந்தப் பக்கமும் நீளுகிறது. ஏன் என் அப்பா, ஏன் அவர் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது, இருப்பதுபோல் பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம்.

எங்க விசுவாசம் பத்தலைன்னு ஒரு ஊழியக்காரர் சொல்லிட்டுப் போனார். நிஜமாவா?

எங்களிடமும் ஒருவர் சொன்னார், அதுவும் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். அதற்கு நான் என்னையே எவ்வளவு நாள் தண்டித்தேன் என்று சொல்லி மாளாது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கும் அதே பதில்தான். மாம்சத்தில் ஒரு முள் என்று தான் சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி பவுல் மூன்றுதரம் கெஞ்சினான், எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றார். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா?

மாற்கு 9-இல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கண்ணீரோடு சொன்னான். அரைகுறை விசுவாசம்தான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

சுனாமியில நாங்க தப்பிச்சோம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும்" வசனத்தைச் சாட்சியாச் சொல்லலாமா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குமரிக் கடற்கரையிலும் நாகப்பட்டினத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்களே எத்தனையோ போயின, வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களைக் கடல் கொண்டுபோனது. 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பில் சீயோன் சபைக்கு வந்த பிள்ளைகள் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் வீட்டிலும் 91-ஆம் சங்கீதம் சுவரில் இருந்திருக்கும்.

நன்றி சொல்லுங்கள், நிச்சயம் சொல்லுங்கள். ஆனால் விழுந்த ஆயிரத்தில் ஒருவரின் மனைவி உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கலாம். அவள் காதில் விழும்போது அந்தச் சாட்சி, உன் புருஷனைக் கடவுள் கவனிக்கவில்லை என்று கேட்கக்கூடாது. "என்னை ஏன் வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை, வைத்ததற்கு ஸ்தோத்திரம்" என்று சொன்ன ஒரு மீனவர் அண்ணனை எனக்குத் தெரியும், அதைவிட நல்ல சாட்சி நான் கேட்டதில்லை.

புருஷன் அடிக்கிறார். "கர்த்தர் காப்பார், பொறுத்துக்கோ"ன்னு சபையில சொல்றாங்க.

மாத்திரைக் கேள்விக்குச் சொன்ன அதே பதில்தான், இன்னும் அழுத்திச் சொல்கிறேன். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அங்கேயே நின்று சங்கீதம் பாடவில்லை, ஓடினான், மனைவி மீகாள் ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். குழந்தை இயேசுவையே ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடவுள் இவர்களைக் காத்த விதமே தப்பிக்க வைத்ததுதான்.

181 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், பெண்களுக்கான உதவி எண். அம்மா வீடோ அக்கா வீடோ, பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், போன பிறகு ஜெபிக்கலாம். யாரும் இல்லை என்றால் சபையில் மனசாட்சியுள்ள ஒரு பெண்ணிடமாவது சொல்லுங்கள்.

கடவுள்மேல கோபமா இருக்கு. ஜெபிக்கவே வரலை. இது பாவமா?

சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. சங்கீதம் 88 முதலிலிருந்து கடைசி வரை இருட்டு, முடிவிலும் வெளிச்சம் வராது, ஆனாலும் அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இயேசுவே சிலுவையில் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கதறினார், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று. கோபத்தோடு அவரிடமே பேசுவதும் ஜெபம்தான். வார்த்தை வரவில்லையென்றால் 88-ஐ எடுத்து வாசித்துவிட்டு ஆமென் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது கடவுள் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துக்க வீட்டுக்குப் போனா என்ன வசனம் சொல்லணும்?

முதல் நாள் ஒன்றும் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் ஏழு நாள் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தது, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28 உண்மை, ஆனால் பிரேதத்தின் பக்கத்தில் அதைச் சொல்லாதீர்கள், அவர்களே ஒரு நாள் சொல்லுவார்கள். லாசரு எழுந்திருப்பான் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். காபி போட்டுக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த வசனங்களைச் சொல்லலாமா?

தாராளமாக. ரூத் மோவாபியப் பெண், வேறு தெய்வத்தைக் கும்பிட்ட ஊரிலிருந்து வந்தவள். அவளிடம்தான் போவாஸ், கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்தாயே என்கிறான், மேலே சொன்ன அதே கோழிச்சிறகு. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்" என்று இயேசு சொன்னபோது எல்லாரும் என்றுதான் சொன்னார்.

அம்மா மயக்கத்துல இருக்காங்க, பேச்சில்லை. காதுல வசனம் சொன்னா கேட்குமா?

கேட்கும் என்று நினைத்துக்கொண்டே சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்குப் பத்தாம் நாள் 23-ஆம் சங்கீதம் சொன்னேன். "உமது கோலும் உமது தடியும்" என்று நிறுத்தி மூச்சு வாங்கியபோது அவர்கள் உதடு அசைந்தது, நர்ஸும் பார்த்தார்கள்.

அவர்கள் சின்ன வயதில் மனப்பாடம் பண்ணிய மொழிபெயர்ப்பிலேயே சொல்லுங்கள். முதலில் அவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, நான்தான் வந்திருக்கிறேன் என்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ட்ரிப்ஸ் ஏறாத கையை. ஒரு வசனம் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் விடுங்கள். குரல் உடைந்தால் பரவாயில்லை, நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள். சத்தம் மட்டும் வேண்டாம், அடுத்த படுக்கையில் இன்னொருவருடைய அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள்.